ஆளைக் கேளாத பிணை: திருவானைக்காவல் வட்டாரத்தை முன்வைத்து விசாரணைக்கு முந்தைய விடுவிப்புப் பணியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குற்றம் சாட்டப்பட்டவரை விசாரணை முடியும்வரை சிறையில் வைப்பதா, வெளியே விடுவதா என்று நீதிமன்றம் முடிவெடுக்கும் முன் அவருடைய குடியிருப்பு, குடும்பம், தொழில் ஆகியவற்றை விசாரித்து அறிக்கை தருவதும், விடுவிக்கப்பட்டபின் அவர் வாய்தாதோறும் வந்து நிற்பதைக் கண்காணிப்பதும் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தனி அலுவலர் ஒருவரின் கடமை. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் அப்பெயரில் பதவி இல்லை. பணி மட்டும் வருவாய்த்துறை, காவல்துறை, வழக்கறிஞர், பிணையாளர் எனப் பலர் கைகளில் பிரிந்து கிடக்கிறது. இப்பிரிவினை நேர்ந்த வரலாற்றையும், அதில் ஆளைப் பற்றிய கேள்வி விடுபட்டுச் சொத்தைப் பற்றிய கேள்வி மட்டும் எஞ்சிய விதத்தையும் திருவானைக்காவல் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பிணை, பிணையாளர், விசாரணைச் சிறைவாசி, நன்னடத்தை அலுவலர், கிராம நிர்வாக அலுவலர், திருவானைக்காவல்.

முன்னுரை

பேச்சு வழக்கில் 'ஜாமீன் கிடைத்தது' என்றால் சிறையிலிருந்து விடுதலை கிடைத்தது என்று பொருள். ஆனால் அரபு, பாரசீக வழியாகத் தமிழுக்கு வந்த இச்சொல் மூலத்தில் விடுதலையைக் குறிக்கவில்லை. ஒருவருக்காகப் பொறுப்பேற்று நிற்கும் மனிதரையே குறித்தது. பொறுப்பேற்பவரின் பெயர் தமிழில் விடுதலையின் பெயராகிவிட்டது. பொறுப்பேற்க ஆள் இல்லாதவருக்கு விடுதலையும் இல்லை என்ற நடைமுறையைச் சொல்லின் பொருள்மாற்றமே பதிவு செய்து வைத்திருக்கிறது எனலாம். பிணை என்னும் தமிழ்ச்சொல்லிலும் இன்னொருவரோடு கட்டப்படுதல் என்ற பொருளே முதன்மையானது.

இந்தியச் சிறைகளில் 2022ஆம் ஆண்டின் இறுதியில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைச் சிறைவாசிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரம் கூறுகிறது. நான்கில் மூவர் தண்டிக்கப்படாதவர். இவர்களுள் பிணை மறுக்கப்பட்டவர்களும் உண்டு. பிணை ஆணை கையில் இருந்தும் அதன் நிபந்தனையை நிறைவேற்ற இயலாமல் உள்ளே இருப்பவர்களும் உண்டு. இரண்டாம் வகையினரே இக்கட்டுரையின் அக்கறை. இவர்களை வெளியே விடலாம் என்று நீதிமன்றமே முடிவு செய்துவிட்டது. பிறகும் அவர்களைத் தடுத்து வைத்திருப்பது சட்டமன்று, ஒரு சான்றிதழ்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் அமைந்த திருவானைக்காவல் இச்சிக்கலை ஆராய ஏற்ற களம். சம்புகேசுவரர் கோயிலைச் சுற்றி வளர்ந்த இவ்வூர் திருவரங்கம் நகராட்சியில் அடங்கியிருந்தது. 1994இல் அந்நகராட்சி திருச்சிராப்பள்ளி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. தீவில் கோயிலுக்குச் சொந்தமான மனைகளின் மேல் வீடு கட்டித் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர் பலர். வீடு அவர்களுடையது, அடிமனை கோயிலுடையது. வாடகைக் குடியிருப்போரும் மிகுதி. ஊரில் வேரூன்றியவர் யார் என்ற கேள்விக்கும், ஊரில் பட்டா உள்ளவர் யார் என்ற கேள்விக்கும் இங்கே ஒரே விடை கிடைப்பதில்லை.

ஊர்த்தலைவரிடமிருந்து சட்டத் தொகுப்புக்கு

சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆம் ஒழுங்குமுறை விதி ஊர்த்தலைவருக்குக் காவல் பொறுப்பை அளித்தது. சிறு கைகலப்பு, வசைச்சொல் போன்றவற்றில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்து வைக்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. பெரிய குற்றமாயின் ஆளைப் பிடித்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். பிடிபட்டவர் யார், எந்தக் குடும்பம், ஓடிவிடுவாரா என்பதெல்லாம் அவர் புதிதாக விசாரித்து அறிய வேண்டியவை அல்ல. அந்த அறிவு நடுநிலையானதும் அன்று. மணியகாரர் ஒருவரை 'நல்லவர்' என்று சொல்வதில் சாதியும் நிலவுடைமையும் கலந்தே இருந்தன. எனினும் அவர் சொன்னது ஓர் ஆளைப் பற்றிய சொல்லாக இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1861 தொடங்கி 1872, 1882, 1898 என அடுத்தடுத்து வந்த குற்ற விசாரணை முறைச் சட்டத் தொகுப்புகள் பிணையை எழுத்து வடிவ ஒப்பந்தமாக்கின. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு தொகைக்குப் பிணைமுறி எழுதித் தர வேண்டும். போதிய தகுதியுள்ள பிணையாளர் ஒருவரோ பலரோ உடன் எழுதித் தர வேண்டும். இம்மரபின் தொடர்ச்சியாக 1973ஆம் ஆண்டுத் தொகுப்பின் 441ஆம் பிரிவு, பிணையாளரின் தகுதியை அறிய நீதிமன்றம் உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்கலாம், தானே விசாரிக்கலாம், கீழமை நடுவரைக் கொண்டு விசாரிக்கச் செய்யலாம் என்று வழிவகுத்தது. பிணையாளரைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக விசாரிக்க இடம் தந்த தொகுப்பு, விடுவிக்கப்பட வேண்டியவரின் வாழ்நிலையை விசாரித்து அறிய ஒரு முறையையும் வகுக்கவில்லை. காவல்துறையின் ஆட்சேபணையும் வழக்கறிஞரின் வாதமுமே நடுவருக்குக் கிடைக்கும் செய்தி. இரண்டும் தரப்புச் சார்ந்தவை.

1936ஆம் ஆண்டுச் சட்டமும் 14ஆம் பிரிவின் ஒரு சொல்லும்

ஆளை விசாரிக்கும் அலுவலர் சென்னை மாகாணத்தில் முதன்முதலாகத் தோன்றியது வேறொரு வாயில் வழியாக. குற்றவாளிகள் நன்னடத்தைக்கெனத் தனிச்சட்டம் இயற்றிய முன்னோடி மாகாணங்களுள் சென்னையும் ஒன்று. 1936ஆம் ஆண்டுச் சட்டம் என்று அது வழங்கப்படுகிறது. குற்றம் உறுதியானபின் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்கலாமா என்று அறிய, அவருடைய வீட்டுச் சூழலை விசாரித்து அறிக்கை தரும் அலுவலரை இம்மரபு உருவாக்கிற்று. பின்னர் நாடு முழுமைக்குமான 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது.

இச்சட்டத்தின் 14ஆம் பிரிவு நன்னடத்தை அலுவலரின் கடமைகளைக் கூறுகிறது. அதன் முதல் உட்பிரிவு ஆய்வாளர்களால் போதிய கவனம் பெறவில்லை. நீதிமன்றத்தின் பணிப்புக்கு ஏற்ப, 'குற்றம் சாட்டப்பட்ட' எந்த ஒருவரின் சூழ்நிலையையும் இல்லச் சுற்றத்தையும் விசாரித்து, அவரை எவ்வாறு கையாள்வது தகும் என்று நீதிமன்றம் தீர்மானிக்க உதவும் அறிக்கையை அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிற உட்பிரிவுகள் கண்காணிக்கப்படுவோரையும் குற்றவாளிகளையும் பற்றிப் பேச, இது மட்டும் குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றிப் பேசுகிறது. சட்டத்தின் நோக்கம் தண்டனை பற்றியது என்பதால் இவ்வுட்பிரிவையும் தண்டனைக் கட்டத்துக்கே உரியதாகக் கொள்வது வழக்கமாயிற்று. அது ஒரு பொருள்கோள்; சொற்கள் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. விசாரணைக்கு முந்தைய நிலையிலும் நடுவர் இவ்வலுவலரை அனுப்பலாம் என்று கொள்வதற்கு இச்சொல்லே இடம் தருகிறது. தமிழ்நாட்டில் நன்னடத்தைப் பிரிவு நெடுங்காலம் சிறைத்துறையோடு இணைந்து இயங்கியதும் வழக்கமான பொருள்கோளுக்கு வலுச்சேர்த்திருக்க வேண்டும். சிறைத்துறையின் அண்டையில் இருக்கும் அலுவலரைக் கைதான முதல் நாளிலேயே அழைக்கலாம் என்று நடுவருக்குத் தோன்றுவது அரிது.

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவில் மறுதிசையிலிருந்து ஒரு முயற்சி தொடங்கியது. 1961இல் நியூயார்க்கில் லூயி சுவைட்சர், ஹெர்பர்ட் ஸ்டர்ஸ் ஆகியோர் வேரா நிறுவனத்தின் வழியாக மன்ஹாட்டன் பிணைத் திட்டத்தைத் தொடங்கினர். சட்டக் கல்லூரி மாணவர்கள் காவலில் உள்ளவர்களைச் சந்தித்து, எத்தனை நாளாக இம்முகவரியில் இருக்கிறார், யாரோடு இருக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்று கேட்டனர். விடைகளை உறவினரிடமும் முதலாளியிடமும் சரிபார்த்தனர். மதிப்பெண் இட்டு நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தனர். பணம் கட்டாமல் இவ்வாறு வெளியே வந்தவர்களில் வாய்தாவுக்கு வராமற் போனவர் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. 1966இல் கூட்டாட்சிப் பிணைச் சீர்திருத்தச் சட்டமும் 1982இல் விசாரணைக்கு முந்தைய பணிகள் சட்டமும் வந்தன. மாணவர்கள் செய்த வேலை அலுவலரின் வேலையாயிற்று.

இரு தீர்ப்புகள்

இம்முயற்சியின் எதிரொலி இந்திய உச்ச நீதிமன்றத்தில் 1978, 1979ஆம் ஆண்டுகளில் கேட்டது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கொத்தனார் மோதிராம் வழக்கில் தலைமைக் குற்றவியல் நடுவர் ரூ.10,000க்குப் பிணையாளரைக் கேட்டார். மோதிராமின் சகோதரர் முன்வந்தபோது அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று மறுத்தார். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1978 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பில் இதைக் கண்டித்தார். தென்னாட்டவர் ஒருவர் வடக்கே கைதானால் உள்ளூர்ச் சொத்துடைய பிணையாளரை எங்கே தேடுவார் என்ற அவருடைய கேள்வியில் தமிழரும் பெயர் சுட்டப்பட்டனர். பிணை என்பதில் சொந்தப் பிணைமுறியும் அடங்கும் என்று தெளிவுபடுத்தி, மோதிராமை ரூ.1,000 சொந்தப் பிணைமுறியில் விடுவித்தார். அவர் எழுப்பிய கேள்வி இன்று திசைமாறித் திருச்சிராப்பள்ளியிலும் பொருந்துகிறது. இங்குக் கட்டுமானத்திலும் உணவகங்களிலும் பணிபுரியும் வடமாநிலத் தொழிலாளர் வழக்கில் சிக்கினால், 'உள்ளூர் ஜாமீன்' என்ற நிபந்தனை அவர்களுக்கும் அதே சுவராகவே நிற்கும்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பீகார்ச் சிறைகளைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பி. என். பகவதி மன்ஹாட்டன் திட்டத்தின் அனுபவத்தைக் குறிப்பிட்டே எழுதினார். சமூகத்தில் வேர் உள்ளவர், ஓடிவிடமாட்டார் என்று மனநிறைவு ஏற்பட்டால் சொந்தப் பிணைமுறியில் விடலாம் என்ற அத்தீர்ப்பு, அதை அறிய எட்டுக் காரணிகளை வரிசைப்படுத்தியது. எவ்வளவு காலமாக ஊரில் வாழ்கிறார், தொழிலும் வருவாயும் என்ன, குடும்பப் பிணைப்பு எத்தகையது, அவருக்காகச் சொல்ல வரும் பொறுப்புள்ளவர் யார், முன்பு பிணையில் விடப்பட்டபோது எவ்வாறு நடந்துகொண்டார் என்பன அவற்றுட் சில. ஓர் அலுவலரின் கேள்வித்தாள் முழுமையாக அங்கே இருக்கிறது. கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு செல்லும் அலுவலரை மட்டும் தீர்ப்பு நிறுவவில்லை. நடுவர் கைதானவரின் தெருவுக்குச் செல்ல முடியாது. குற்றம் சாட்டியது காவல்துறையே என்பதால் அதனிடம் கேட்பதில் பயனும் குறைவு. ஆகவே எட்டுக் கேள்விகளும் சட்ட நூல்களில் மேற்கோளாக நிலைத்தன, நீதிமன்றப் படிவமாக ஆகவில்லை.

1980 நவம்பர்

ஹுசைனாரா தீர்ப்புக்கு இருபத்தொரு மாதங்களுக்குப் பின், 1980 நவம்பரில், எம். ஜி. ராமச்சந்திரன் தலைமையிலான அரசு அவசரச் சட்டத்தின் வழியாகப் பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. கிராம முன்சீபும் கர்ணமும் அன்றோடு போயினர். இத்தகைய பதவிகளுக்கான பரம்பரை உரிமை அரசியலமைப்புக்கு முரணானது என்று கசுல தசரத ராமராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்னரே தீர்ப்பளித்திருந்தது. ஒழிப்புச் சட்டத்தையும் 1982இல் அது உறுதி செய்தது. தேர்வாணையத்தின் வழியாகத் தேர்வு பெற்று, இடமாறுதலுக்கு உட்பட்ட கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்தில் அமர்ந்தார். சமூக நீதி நோக்கில் இம்மாற்றம் தேவையானது. பழைய முறைக்கு ஏங்குவதற்கு ஏதுமில்லை.

பிணை வரலாற்றில் இதன் விளைவு வேறு. புதிய அலுவலரின் அறிவு பதிவேடு சார்ந்தது. சிட்டா, அடங்கல், பட்டா ஆகியவற்றில் உள்ளதை அவர் உறுதியாகச் சான்றளிக்க முடியும். தெருவில் வாழும் ஒருவர் எத்தகையவர், வாய்தாவுக்கு வருவாரா என்பதற்கு அவரிடம் பதிவேடு கிடையாது, அது அவர் பணியும் அன்று. ஊர்த்தலைவர் ஆளையும் சொத்தையும் சேர்த்தே அறிந்திருந்தார். அவருடைய நாற்காலி மாறியபோது சொத்து பற்றிய அறிவு மட்டுமே அலுவலகத்தில் தங்கிற்று. ஆளைப் பற்றிய அறிவை ஏற்றுக்கொள்ள ஒரு புதிய, நடுநிலையான அலுவலர் அப்போதே நியமிக்கப்பட்டிருக்கலாம். எட்டுக் கேள்விகள் கையில் இருந்தன, 14ஆம் பிரிவும் இருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்க எவரும் முன்வரவில்லை.

கோயில் மனையில் வாழும் ஒருவரை எடுத்துக்கொண்டால் விளைவு புலப்படும். மாலை கட்டியோ பந்தல் போட்டோ பிழைக்கும் அவர் ஐம்பது ஆண்டுகளாக ஒரே வீதியில் இருக்கிறார். மகள் அடுத்த தெருவில் வாழ்கிறாள். ஹுசைனாரா காரணிகளில் முதல் மூன்றிலும் அவர் தேறுவார். அடிமனைக்குப் பட்டா இல்லாததால் சொத்து மதிப்புச் சான்று கேட்கும் இடத்தில் அவரும் தேறமாட்டார், அவருக்குப் பிணையாளராக வரக்கூடிய அண்டை வீட்டாரும் தேறமாட்டார். அவர்களும் அதே கோயிலின் மனையில் இருப்பவர்களே. வாகனப் பதிவுப் புத்தகத்தை ஈடாகக் காட்டும் வழக்கம் உண்டென்றாலும், அதற்கும் வாகனம் ஒன்று வேண்டும்.

இவ்விடைவெளியில்தான் கூலிக்குப் பிணை நிற்போர் நீதிமன்ற வளாகங்களில் தோன்றினர். கைதானவரை இவர்கள் அறியார். அவர் வராவிட்டால் தேடவும் மாட்டார். அறிமுகத்தின் அடிப்படையில் நின்ற ஏற்பாடு அறிமுகமே இல்லாதவரிடம் சென்று முடிந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் 441-அ பிரிவைச் சேர்த்து, பிணையாளர் தாம் முன்பு எத்தனை பேருக்குப் பிணை நின்றுள்ளார் என்று அறிவிக்கக் கட்டாயப்படுத்தியது. உயர் நீதிமன்றப் பிணை ஆணைகளில் பிணையாளரின் ஒளிப்படமும் இடக்கைப் பெருவிரல் ரேகையும் பிணைமுறியில் இடம்பெற வேண்டும், ஆதார் அல்லது வங்கிக் கணக்குப் புத்தக நகல் பெறப்பட வேண்டும் என்ற வாசகம் வழக்கமாயிற்று. பிணையாளரைச் சரிபார்க்கும் முறைகள் பெருகின. விடுவிக்கப்படுபவரை அறியும் முறை பழைய இடத்திலேயே நின்றது. அதே திருத்தம் ஒரு நன்மையும் செய்தது. பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணையாளரைத் தர இயலாதவரை வறியவராகவே கருதிச் சொந்தப் பிணைமுறியில் விட வேண்டும் என்றது. பிணையில் விடத்தகாத குற்றங்களுக்கு இவ்விதி இல்லை.

கையெழுத்து

விசாரித்தல் வருவாய்த்துறைக்குச் சென்றதுபோல் கண்காணித்தல் காவல் நிலையத்துக்குச் சென்றது. பிணை ஆணைகளில் நாள்தோறும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை பெரிதும் வழக்கிலுள்ளது. மக்கள் வழக்கில் அது 'கண்டிஷன் கையெழுத்து'. பிணையை எதிர்த்த அதே தரப்பிடம், பிணையில் வந்தவர் நாள்தோறும் சென்று நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க முறையில் கண்காணிக்கும் அலுவலர் நீதிமன்றத்தைச் சார்ந்தவர், வழக்குத் தொடுத்தவரைச் சார்ந்தவர் அல்லர். கூலி வேலைக்குச் செல்வோருக்குக் காலை 10.30 என்பது அரைநாள் ஊதியமும் ஆகும். தொழில் உள்ளவர் ஓடமாட்டார் என்ற அடிப்படையில் விடுவித்துவிட்டு, அத்தொழிலையே குலைக்கும் நிபந்தனையை விதிப்பதில் உள்ள முரண் எளிதில் கவனத்துக்கு வருவதில்லை.

நிபந்தனையைத் தளர்த்த வேண்டுமாயின் மீண்டும் மனு, மீண்டும் வழக்கறிஞர் கட்டணம். ஆணை உயர் நீதிமன்றத்தினுடையதாயின் 2004 ஜூலைக்கு முன் திருச்சிராப்பள்ளியினர் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்தது. மதுரைக் கிளை தொடங்கியபின் தொலைவு பாதிக்கும் கீழாயிற்று.

2023க்குப் பின்

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிணை வழங்கும் கொள்கை குறித்த தன்முனைப்பு வழக்கில் அளித்த நெறிமுறைகள் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். பிணை ஆணையின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குச் செல்ல வேண்டும். ஏழு நாள்களில் சிறைவாசி வெளியே வராவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும். செயலாளர் நன்னடத்தை அலுவலரையோ சட்டத் தன்னார்வலரையோ கொண்டு சிறைவாசியின் சமூகப் பொருளாதார நிலை குறித்த அறிக்கையைத் தயாரித்து, நிபந்தனையைத் தளர்த்துமாறு நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். உள்ளூர்ப் பிணையாளரை வலியுறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்தும் காரணங்களுள் ஒன்று என்றும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் அலுவலர் தண்டனைக் கட்டத்தைக் கடந்து விசாரணைக்கு முந்தைய கட்டத்துக்கு வெளிப்படையாக அழைக்கப்பட்டது இங்கேதான். இருப்பினும் அவர் வருவது பிணை ஆணைக்குப் பின், அதுவும் ஏழு நாள் கழிந்தபின். நிபந்தனையை வகுக்கும் வேளையில் நடுவரின் மேசையில் அவருடைய அறிக்கை இல்லை.

அதே ஆண்டில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் வறிய சிறைவாசிகளுக்கான உதவித் திட்டத்தை அறிவித்தது. மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் முதலியோர் அடங்கிய குழுவின் பரிந்துரையின் பேரில் விசாரணைச் சிறைவாசிக்கு ரூ.40,000 வரை பிணைத்தொகை வழங்கப்படும் என்று அப்போது வகுக்கப்பட்டது. உதவி மெய்யானது, பெறுவோருக்கு அது விடுதலை. ஆயினும் அரசு ஒரு கையால் கேட்ட தொகையை மறு கையால் கட்டும் இவ்வேற்பாடு, அத்தொகை எதற்காகக் கேட்கப்பட்டது என்ற கேள்வியைத் தொடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு கழித்தபின் பிணைக்கு வழி செய்துள்ளது. பிணையாளர் தொடர்பான பழைய பிரிவுகள் பெரிதும் மாறாமல் புதிய எண்களோடு தொடர்கின்றன.

நன்னடத்தை அலுவலரின் அறிக்கை பிணை ஆணைக்கு முன்னரே வர வேண்டுமாயின் 14ஆம் பிரிவு மட்டும் போதாது என்பதையும் இங்கே சுட்டவேண்டும். கைதான ஒருவரிடம் அலுவலர் பேசும்போது, கேட்காத செய்திகளையும் அவர் சொல்லிவிட நேரும். அன்று இரவு எங்கே இருந்தார், யாரோடு இருந்தார் என்பதும் அதில் வந்துவிடலாம். அமெரிக்கச் சட்டம் இவ்வாறு பெறப்பட்ட செய்தியைக் குற்றத்தை மெய்ப்பிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று தடுக்கிறது. இந்தியச் சட்டத்தில் காவல் அலுவலரிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்துக்குத் தடை உண்டு, நன்னடத்தை அலுவலர் காவல் அலுவலர் அல்லர். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அலுவலரின் அறிக்கையை மறைவடக்கமாகக் காக்கிறது. ஆனால் அப்பிரிவு பெயர் சொல்லிச் சுட்டுவது 4, 6ஆம் பிரிவுகளின்கீழ்த் தண்டனைக் கட்டத்தில் அளிக்கப்படும் அறிக்கைகளையே. குற்றம் உறுதியாகும் முன் 14ஆம் பிரிவின்கீழ் எழுதப்படும் அறிக்கைக்கு அக்காப்பு இல்லை.